இளைப்பாறாத பொறியியலாளர்

உத்தியோகத்திலிருந்து ஒருவர் இளைப்பாறும் நாளில் மாலை சூட்டுவதும், புகழுரை கூறுவதும், நினைவுப்பொருள் ஒன்றைக் கையில் தந்து வழியனுப்புவதும் எங்கும் உள்ள வழக்கமாகும். மறுநாட் காலையில் அவருடைய கதிரையில் வேறொருவர் அமர்ந்துவிடுவார். பத்தாண்டுகள் கழிந்தபின் அவர் பெயரைச் சொல்லுவோர் சிலரே இருப்பர். வீட்டில் மனைவி மக்களுடன் அமைதியாகக் காலங் கழிப்பதே எஞ்சியது என்று உலகம் எண்ணுகிறது. அவ்வாறு எண்ணுவது எல்லோர் வாழ்விலும் பொருந்துவதில்லை என்பதற்குச் சேர் ஆதர் கொட்டன் என்னும் பொறியியலாளரின் வரலாறு நல்லதொரு சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் தென்பாலுள்ள டோர்க்கிங் என்னும் சிற்றூரில், வெண்டாடி வேந்தரென நிமிர்ந்து நிற்கும் முதியவர் ஒருவர் தம் வீட்டுத் தோட்டத்தில் மண்ணை ஆழக் கொத்துவித்துக் கோதுமை விதைத்து, அதன் விளைச்சலை அளந்து பார்த்துக்கொண்டிருந்தார். நிலத்தை வழக்கத்திலும் ஆழமாகப் புரட்டிப் பயிரிட்டால் ஒரு சிறு துண்டு நிலத்திலிருந்தே பன்மடங்கு விளைவு பெறலாம் என்பது அவர் ஆராய்ச்சி. அயலார் அவரை ஓர் இளைப்பாறிய படைத்தலைவராகவே அறிந்திருத்தல் கூடும். ஆயின் ஐயாயிரம் மைலுக்கு அப்பால், காவிரியின் கரையிலும் கோதாவரியின் கரையிலும், அவர் அமைத்த அணைகளிலிருந்து பாய்ந்த நீரால் பல இலட்சம் ஏக்கர் நிலம் நெல் விளைந்துகொண்டிருந்தது.

ஆதர் தொமஸ் கொட்டன் 1803 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆந் திகதி இங்கிலாந்திலே பிறந்தார். தமிழ்நாட்டில் அவர் பெயர் காட்டன் என்றே வழங்கும். பதினொரு ஆண்மக்கள் பிறந்த பெருங்குடும்பத்தில் அவர் பத்தாமவர். இளைய சகோதரராகிய பிரெடெரிக்கும் பின்னர் மதராசுப் பொறியியற் படையிற் சேர்ந்து அவரைப் போலவே நீர்ப்பணிகளில் ஈடுபட்டார். கிழக்கிந்தியக் கும்பெனியார் தம் படைக்கு வேண்டிய இளைஞரைப் பயிற்றுவதற்காக அடிஸ்கோம் என்னுமிடத்தில் நடத்திய கல்லூரியில் ஆதர் பயின்றார். 1819 இல் மதராசுப் பொறியியற் படையில் நியமனம் பெற்றார். 1821 இல் தமது பதினெட்டாம் வயதில் மதராசில் வந்திறங்கினார்.

ஈழத்து நேயர்களுக்கு ஆர்வந் தரக்கூடிய செய்தி ஒன்று உண்டு. அவர் இந்தியாவிற் செய்த தொடக்க காலப் பணிகளுள் ஒன்று, இராமேசுவரத்துக்கும் இந்தியப் பெருநிலத்துக்கும் இடையேயுள்ள பாம்பன் நீர்வழியை அளந்து ஆராய்ந்ததாகும். ஈழத்துக்கும் இந்தியாவுக்கும் இடைப்பட்ட அந்த ஆழமற்ற கடலிலே மரக்கலங்கள் தடையின்றிச் செல்லுமாறு பாறைகளை அகற்ற முடியுமா என்பதே அன்றைய வினா. இடையிலே பர்மியப் போர் வந்தது. 1824 முதல் 1826 வரை அப்போரிற் பணியாற்றித் திரும்பியபின், மறுபடியும் பாம்பனிலேயே வேலை செய்தார். நீரையும் மணலையும் கண்கூடாக ஆராயும் பழக்கம் அந்த இளம் வயதிலேயே அவரிடம் வேரூன்றிவிட்டது எனலாம்.

பின்னர் அவர் காவிரி நாட்டுக்கு அனுப்பப்பட்டார். அக்காலத்தில் தஞ்சை மண் ஒரு பேரிடரை எதிர்நோக்கியிருந்தது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னுமிடத்தில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்னும் பெயரோடு தஞ்சை வயல்களை நோக்கிச் செல்லும். வடகிளையாகிய கொள்ளிடம் நேராகவும் சரிவாகவும் கடலை நோக்கி விரையும். இரண்டுக்கும் இடையிலுள்ள தீவே திருவரங்கம். சரிவான வழியை நாடுவது நீரின் இயல்பு. ஆதலால் ஆண்டுதோறும் கொள்ளிடம் ஆழ்ந்தது. காவிரியோ வண்டல் படிந்து மேடாகியது. வெள்ளம் வந்தாலும் நீர் கொள்ளிடத்திற் சென்று வீணே கடலிற் கலந்தது. சோழர் காலந்தொட்டு நெல் விளைந்த நாடு மெல்ல மெல்ல நீரிழந்துகொண்டிருந்தது. உழவர் நிலத்தைக் கைவிட்டனர். கும்பெனியாரின் வரியும் குறைந்தது. வரி குறைந்தமையே மேலிடத்தாரை விழிப்படையச் செய்தது என்பதையும் மறைத்தற்கில்லை.

அங்கேதான் கொட்டன் தம் வாழ்நாள் முழுவதும் மறவாத ஆசிரியரைக் கண்டார். அந்த ஆசிரியர் மனிதரல்லர், கல்லணை. திருவரங்கத் தீவின் கீழ்முனைக்கு அப்பால், காவிரி நீர் கொள்ளிடத்திற் சரிந்து விழாதபடி தடுத்து நிற்கும் அவ்வணையைக் கரிகாற் சோழன் அமைத்தான் என்பது வழிவழி வந்த மரபு. ஆயிரத்து எண்பது அடி நீளம். நாற்பது முதல் அறுபது அடி அகலம். அதன் அடியிலே பாறை இல்லை. அளவிடற்கரிய மணலே உள்ளது. ஐரோப்பாவிற் பயின்ற பொறியியலாளருக்கு இஃது ஒரு புதிர். அடித்தளத்துக்குக் கல்லைத் தேடு. கல் இல்லையேல் கட்டாதே என்பதே அவர்கள் கற்ற பாடம்.

பழந்தமிழ்க் கொத்தர் வேறொரு வழியைக் கண்டிருந்தனர். பெருங்கற்களை மணலின்மீது இட்டனர். ஓடும் நீர் அடிமணலை அரிக்க, கற்கள் தாழ்ந்தன. தாழ்ந்தவற்றின்மேல் மேலும் கற்களைக் குவித்தனர். இனித் தாழ வழியில்லை என்னும் அளவுக்கு அவை ஒன்றோடொன்று இறுகியபின், மேற்கட்டை எழுப்பினர். ஆற்றோடு போரிடாமல், ஆற்றின் வலிமையையே கொத்தனின் கையாளாகக் கொண்ட முறை இது. கொட்டன் இதைக் கண்டார். வியந்ததோடு நில்லாது கற்றுக்கொண்டார். ஆழங்காண முடியாத மணலில் அடித்தளம் இடும் வித்தையைப் பழைய தமிழ்க் கட்டுமானத்திலிருந்தே தாமும் தம் தோழரும் கற்றதாகவும், மதராசுப் பொறியியலாளரின் வெற்றிகளுக்கெல்லாம் அதுவே அடிப்படை என்றும் பிற்காலத்தில் அவர் வெளிப்படையாக எழுதினார். ஆளவந்தவர் ஆளப்பட்டவரிடம் கற்றதாக ஒப்புக்கொள்வது அந்நாளிற் பெரிதும் காணப்படாத பண்பாகும்.

கொட்டனின் திட்டம் இரு பகுதியாக அமைந்தது. முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பிலே ஓர் அணை. அதனால் வேண்டிய நீர் காவிரிக்குத் திரும்பும். ஏறத்தாழ எழுபது மைல் கீழே அணைக்கரையில் இன்னோர் அணை. கொள்ளிடத்தில் எஞ்சிச் செல்லும் நீரை அது மறித்துக் கால்வாய்களுக்கும் வீராணம் ஏரிக்கும் தரும். 1836 இல் மேலணை எழுந்தது. கிணறு கிணறாகச் செங்கற் கட்டுகளை மணலுள் இறக்கி, அவற்றின்மேற் சுவரை எழுப்பி, நீர் விழும் பக்கத்தில் கற்றளம் பரப்பினார். மணல் அடியிலே செல்ல மதகுகளும் வைத்தார். உயர்ந்த சுவரன்று, தாழ்ந்து அகன்ற சுவர். வெள்ளம் வந்தால் மேலே வழிந்து செல்லட்டும் என்று விடப்பட்ட சுவர்.

அத்திட்டம் குறையற்றதாய் அமைந்ததென்று சொல்லுதல் பொருந்தாது. மேலணை எதிர்பார்த்ததிலும் மிகுதியான நீரைக் காவிரிக்குத் திருப்பியது. இனிக் காவிரி கரையை உடைக்குமோ என்ற அச்சம் பிறந்தது. 1840 களில் அணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தியும், காவிரியின் தலைப்பில் வேறோர் அணை அமைத்தும் பின்வந்தோர் அதனைச் சீர்செய்தனர். ஆற்றுப்பணியில் ஒருவர் தொடங்குவதை மற்றொருவர் திருத்துவது இயல்பு. ஆயினும் தஞ்சை மீண்டது. வறண்டுகொண்டிருந்த வயல்களில் மறுபடியும் நாற்று நட்டனர். அணைக்கட்டு என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலத்தில் 'அனிக்கட்' என்று வழங்கலாயிற்று. ஈழத்து நீர்ப்பாசனப் பகுதியாரின் ஆங்கில ஏடுகளிலும் அச்சொல்லே இன்றும் வழங்குகிறது.

கடும் வெயிலும் ஓயாத உழைப்பும் கொட்டனின் உடலை வாட்டின. நலம் நாடி அவர் ஆஸ்திரேலியாவின் தெற்கேயுள்ள தாஸ்மேனியாத் தீவுப் பக்கம் சென்றார். அங்கே எலிசபெத் லியர்மந்த் என்னும் அம்மையாரைச் சந்தித்து, 1841 இல் மணம் புரிந்தார். மறு ஆண்டு மகள் பிறந்தாள். தாயின் பெயரே மகளுக்கும் இடப்பட்டது. முப்பத்தெட்டு வயதுவரை கூடாரமே வீடாக வாழ்ந்தவருக்கு இல்லறம் அப்போதுதான் வாய்த்தது. அதன்பின் அவர் எங்குச் சென்று பணியாற்றினாலும், அப்பணியின் கதையோடு அவர் குடும்பத்தின் கதையும் பின்னிக் கிடக்கிறது.

கைக்குழந்தையோடு அக்குடும்பம் இந்தியாவுக்கு வந்தது. கோதாவரி மாவட்டத்தின் நிலையை ஆராயும் பொறுப்புக் கொட்டனிடம் வந்தது. பெரியதோர் ஆறு நடுவே ஓடியும், அம்மாவட்டம் பஞ்சத்தால் நலிந்திருந்தது. 1833 ஆம் ஆண்டை ஒட்டி வந்த கொடும் பஞ்சத்தில் மக்கள் திரள்திரளாக மடிந்தனர். 1839 இற் கடற்கோளும் சூறாவளியும் கரையோர ஊர்களை அழித்தன. ஒருகால் நீரின்மையால் அழிவு. மற்றொருகால் நீரின் மிகுதியால் அழிவு. ஊர்கள் வெறிச்சோடிக் கிடந்தன. இந்த இரண்டு துன்பத்துக்கும் மருந்து ஒன்றே என்று கொட்டன் கண்டார். ஆற்றைக் கட்டி, நீரை அளந்து கொடுத்தல் வேண்டும். காவிரியிற் கற்ற பாடத்தை அதனினும் பன்மடங்கு பெரிய கோதாவரியிற் செய்து காட்டத் துணிந்தார்.

இராசமந்திரிக்குக் கீழே நான்கு மைல் தொலைவில் தவளேசுவரம் என்னும் ஊர் உள்ளது. அங்கே ஆறு நான்கு மைல் அகலத்தில் விரிந்து, இடையே தீவுகளைச் சூழ்ந்து செல்கிறது. தீவுகளைத் துணையாகக் கொண்டு நான்கு துண்டாக அணை கட்டுவதென முடிவாயிற்று. கட்டுச்சுவரின் நீளம் மட்டும் இரண்டேகால் மைல். உயரமோ பன்னிரண்டு அடியே. 1847 இற் பணி தொடங்கியது. கேட்ட அளவிற் பொறியியலாளரோ பணமோ மேலிடத்திலிருந்து கிடைக்கவில்லை. அருகேயிருந்த குன்றிலிருந்து கல் வெட்டப்பட்டது. சுண்ணாம்பு சுடப்பட்டது. ஆற்றில் நீர் குறைந்திருக்கும் மாதங்களுக்குள் எவ்வளவு எழுப்ப முடியுமோ அவ்வளவும் எழுப்பிவிட வேண்டும். இல்லையேல் வரும் வெள்ளம் அரைகுறைச் சுவரை வாரிச் சென்றுவிடும். ஏறத்தாழப் பதினாயிரம் பேர் அங்கே பாடுபட்டதாகக் கூறுவர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. கொட்டனின் புகழைச் சொல்லும்போது, கல் சுமந்த அத்தோள்களையும் நினைத்தல் கடனாகும்.

அம்மையாரும் குழந்தையும் அந்தப் பணியிடத்திலேயே உடனிருந்தனர். ஐரோப்பியக் குடும்பங்கள் விரும்பும் மலைநகரமன்று தவளேசுவரம். வெயிலும் புழுதியும் வெடிமருந்தின் ஒலியும் நிறைந்த இடம். 1848 இற் கொட்டனுக்கு மீண்டும் உடல் நலிந்தது. பணியை உதவியாளராகிய ஓர் என்பவரிடம் ஒப்படைத்துவிட்டு, குடும்பத்தோடு கடல் கடந்து சென்று, 1850 இல் திரும்பிவந்து பொறுப்பை ஏற்றார். 1852 இல் அணை முடிவுற்றது. ஓர் பின்னர் கொட்டனின் வழியைப் பின்பற்றிக் கிருட்டிணை ஆற்றுக்கும் விசயவாடையில் அணை கண்டார். மாணாக்கர் ஒருவரை உருவாக்கிவிட்டுச் செல்லும் பேறு எல்லாப் பெரியோர்க்கும் வாய்ப்பதன்று.

கொட்டனிடம் ஒரு முரண்பாடும் இருந்தது. இந்தியாவின் மிக முந்திய தண்டவாளப் பாதைகளுள் ஒன்று, மதராசுக்கு அருகே செங்குன்றத்திலிருந்து கல் ஏற்றிவர 1830 களில் அமைந்தது. அதனை அமைத்தவர் இவரே. ஆயின் பிற்காலத்தில், புகையிரதப் பாதைக்குக் கோடிக்கணக்கிற் செலவிடுவதைக் கடுமையாக எதிர்த்தவரும் இவரே. அந்தப் பணத்தைக் கால்வாய்க்குச் செலவிட்டால், அதே நீர் வயலையும் நனைக்கும், படகையும் சுமக்கும், பஞ்சத்தையும் தடுக்கும் என்பது அவர் வாதம். புகையிரதம் விளைந்த நெல்லை ஏற்றிச் செல்லும். நெல்லை விளைவிக்காது என்று அவர் கருதினார்.

1860 களின் தொடக்கத்தில் அவர் பணியிலிருந்து இளைப்பாறினார். 1861 இல் அரசியார் அவருக்குச் சேர் பட்டம் அளித்தார். நாற்பதாண்டுச் சேவை முடிந்தது. இனி முப்பத்தெட்டு ஆண்டு வாழ்வு மீந்திருந்தது. சேவைக் காலத்துக்கு ஏறக்குறைய ஒப்பான நீண்ட ஓய்வுக்காலம் அது. இக்காலத்தையே அவர் வாழ்வின் உரைகல் எனக் கொள்ளல் வேண்டும். ஏனெனில் பதவியில் உள்ளவரின் சொல்லைக் கேட்பதற்கு ஆள் உண்டு. இளைப்பாறியவரின் சொல்லைக் கேட்க வேண்டிய கடப்பாடு எவர்க்கும் இல்லை.

அந்த ஆண்டுகளிலே அவருக்குத் தோல்வியும் வந்தது. துங்கபத்திரை நீரைக் கர்நூல், கடப்பை வழியே கொண்டுசெல்ல அவர் வகுத்த பெருந்திட்டத்தை மதராசு நீர்ப்பாசனக் கும்பெனி என்னும் தனியார் நிறுவனம் மேற்கொண்டது. கால்வாய் வெட்டப்பட்டது, செலவோ பெருகியது. ஆனால் அந்நிலம் கரிசல் நிலம். மழையை நம்பிப் புன்செய்ப் பயிர் செய்து பழகிய உழவர், காசு கொடுத்துக் கால்வாய் நீரை வாங்க முன்வரவில்லை. 1882 இல் அரசாங்கமே அதனை விலைக்கு வாங்கவேண்டியதாயிற்று. மணலை அறிந்தவர் கரிசலை அவ்வளவு ஆழமாக அறியவில்லை. நெல்விளைக்கும் உழவரை அறிந்தவர் சோளம் விதைக்கும் உழவரின் கணக்கை அறியவில்லை. தஞ்சைக்கு ஏற்றது கடப்பைக்கும் ஏற்கும் என்று கொண்டதே பிழை.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் பிடித்தது. ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர் கணிப்பு. புகையிரதப் பாதைகள் இருந்தன. தானியமும் அவற்றின் வழியே சென்றது. இருந்தும் வாங்கப் பணமற்றோர் வழியோரங்களில் வீழ்ந்தனர். ஆனால் கோதாவரிக் கழிமுகத்தில் வயல்கள் பசுமையாய் இருந்தன. அங்கு விளைந்த தானியம் பிற மாவட்டங்களுக்குச் சென்றது. எழுபத்தைந்து வயதை எட்டிய கொட்டன் இச்செய்திகளை இங்கிலாந்தில் இருந்து கேட்டார். வாளா இருக்க அவரால் இயலவில்லை. துண்டு நூல்கள் எழுதினார், கூட்டங்களிற் பேசினார், பத்திரிகைகளில் வாதிட்டார். செவிலியர் திலகமாகிய புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் அவருடைய கருத்தை ஏற்று, இந்தியாவுக்கு நீர் வேண்டும் என்று தாமும் எழுதினார்.

1878 இற் பிரித்தானியப் பாராளுமன்றம் இந்தியப் பொதுப்பணிகளை ஆராய ஒரு தெரிவுக் குழுவை நியமித்தது. கொட்டன் அதன்முன் சாட்சியம் அளிக்க அழைக்கப்பட்டார். வினாக்கள் கூர்மையாக இருந்தன. கால்வாய்களால் இத்தனை இலாபம் வரும் என்று எவ்வாறு கூறுகிறீர்? துங்கபத்திரையில் வந்த இழப்புக்கு என்ன விடை? என்றவாறு அமைந்த வாதங்களுக்கு அம்முதியவர் முகங்கொடுத்தார். நாடு முழுவதையும் கால்வாய்களால் இணைக்கும் அவருடைய பெருந்திட்டத்தைக் குழு ஏற்கவில்லை. செலவுக் கணக்கிலே அவர் மிகைபட நம்பிக்கை வைத்தார் என்பது அவர்களின் குறை. அக்குறையில் உண்மையும் இருந்தது. எனினும் இரண்டாண்டு கழிந்து, 1880 இல் அறிக்கை தந்த பஞ்ச ஆணைக்குழு, பஞ்சத்தைத் தடுக்கும் வழிகளுள் நீர்ப்பாசனத்துக்குச் சிறப்பிடம் அளித்தது. அவர் மறைந்தபின், 1901 முதல் 1903 வரை அமர்ந்த நீர்ப்பாசன ஆணைக்குழுவோ, வருவாய் குறைந்தாலும் உயிர்காக்கும் நீர்ப்பணிகளைச் செய்தல் வேண்டும் என்னும் கொள்கைக்கு வழி வகுத்தது. திட்டத்தில் தோற்றவர் கருத்திற் சிறுகச் சிறுக வென்றார்.

இவ்வாதங்கள் நிகழ்ந்த காலத்தில் அவர் வீட்டிலும் ஒரு பணி நடந்துகொண்டிருந்தது. மகள் எலிசபெத் கோதாவரிக் கரையில் தந்தையின் வேலையைக் கண்டு வளர்ந்தவர். டோர்க்கிங்கில் கூலிவேலை செய்யும் ஆடவர்கள் மாலை நேரத்தை மதுக்கடையிற் கழித்துக் குடும்பத்தை வறுமையில் ஆழ்த்துவதைக் கண்டு, அவர்களுக்கெனக் கோப்பிச்சாலை ஒன்றை நடத்தலானார். அங்கே சூடான கோப்பியும், வாசிப்பும், நல்லுரையும் கிடைத்தன. அந்த அனுபவத்தை அவர் 1876 இல் நூலாக எழுதியபோது, முன்னுரை எழுதித் தந்தவர் தந்தையே. பாராளுமன்றத்தோடு வாதாடிய பேனா, மகளின் சிறுநூலுக்கு முன்னுரை எழுதவும் நேரம் கண்டது. தந்தை ஆற்றில் வீணாகும் நீரைத் தடுத்தார். மகள் ஊரில் வீணாகும் மனிதரைத் தடுக்க முயன்றார். இரண்டும் ஒரே உள்ளத்திற் பிறந்தவை என்பதைத் தந்தை அறிந்திருந்தார் போலும்.

அதே 1876 ஆம் ஆண்டிலே, எழுபத்து மூன்று வயதில், அவர் அரபு மொழியைத் தொடங்குவோர்க்கு ஒரு சிறு பாடநூலையும் வெளியிட்டார். சில சொற்களைக் கொண்டு சிறு வாக்கியங்களை வாய்விட்டுப் பயின்றே மொழியைப் பழகுதல் வேண்டும் என்பது அந்நூலின் முறை. கல்லணையினிடம் மாணாக்கராய் நின்ற இளைஞர், முதுமையிலும் மாணாக்கராகவே இருந்தார் என்பதற்கு இது போதிய சான்று. தோட்டத்திற் செய்த பயிராராய்ச்சியும் அத்தகையதே. ஆற்றைக் கட்ட இனி அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் கைக்கெட்டிய மண் இருந்தது. அதில் எவ்வளவு விளைவிக்கலாம் என்று அறிய முற்பட்டார்.

1899 ஆம் ஆண்டு யூலை மாதம் 24 ஆந் திகதி, தமது தொண்ணூற்றாறாம் வயதில், டோர்க்கிங்கில் அவர் உயிர் நீத்தார். அடுத்த ஆண்டிலே மகளார் தந்தையின் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். பஞ்சத் தடுப்புப் பற்றிய பகுதிகளை, மதராசுப் பஞ்சத்தை நேரிற் கண்டு எழுதிய வில்லியம் டிக்பி அதில் எழுதிச் சேர்த்தார். மகளின் நூலுக்குத் தந்தை முன்னுரை எழுதி இருபத்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின், தந்தையின் வாழ்வுக்கு மகள் நூல் எழுதினார். அரசாங்கக் கோவைகளில் கொட்டனின் மதிப்பீடுகளும் வரைபடங்களும் அறிக்கைகளும் உண்டு. ஆனால் அவர் எத்தகைய மனிதர் என்பதைப் பின்வந்தோர் அறிந்துகொள்ள உதவியது அவர் இல்லமே. வீட்டாரிடம் அன்பு காட்டாத ஒருவருக்கு இத்தகைய நூல் எளிதிற் கிடைப்பதன்று.

கொட்டனின் கட்டுக்கள் என்ன ஆயின? கோதாவரியின் பழைய அணை நூறாண்டுக்கு மேல் பயன் தந்தது. அது தளர்ந்தபின், 1970 களில் தொடங்கிய புதிய அணை 1982 இல் நிறைவுற்றது. அதற்குச் சேர் ஆதர் கொட்டனின் பெயரே இடப்பட்டுள்ளது. அதன் நீரால் ஏறத்தாழப் பத்து இலட்சம் ஏக்கர் பயன் பெறுகிறது. விடுதலை பெற்ற நாட்டின் மக்கள் அந்நிய ஆட்சியாளர் பலரின் சிலைகளை அகற்றியபோதும், கோதாவரி ஊர்களில் கொட்டன் துரைக்குச் சிலை எடுத்தனர். ஆண்டுதோறும் மே 15 இல் மாலை சூட்டுகின்றனர். கோதாவரியில் நீராடுவோர் சங்கற்பம் கூறும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுவது உண்டு என்றும் கூறுவர்.

முக்கொம்பின் மேலணையோ நூற்றெண்பத்திரண்டு ஆண்டுகள் நின்றது. 2018 ஆம் ஆண்டு ஓகத்து மாதப் பெருவெள்ளத்தில் அதன் ஒன்பது மதகுகள் இடிந்து வீழ்ந்தன. ஆற்றில் மட்டற்று மணல் அள்ளியதும் ஒரு காரணம் என்று பலர் சுட்டினர். அருகே புதிய கதவணை பின்னர் எழுப்பப்பட்டது. மணலிலே அணை கட்டலாம் என்று கல்லணை கற்றுத் தந்தது. அந்த மணலையே அள்ளிவிட்டால் எந்த அணையும் நில்லாது என்பது புதிதாய்க் கற்கவேண்டிய பாடம். கட்டுவதற்கு ஒருவர் போதும். காப்பதற்குத் தலைமுறை தலைமுறையாக மக்கள் வேண்டும். குளங்களைக் கட்டிக் காத்து வாழ்ந்த ஈழத்தவர்க்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கொட்டன் கும்பெனியாரின் ஊழியர். அந்நிய ஆட்சியின் வருவாய்க் கணக்கிலே அவருடைய அணைகளும் இடம்பெற்றன. அவர் கணக்குகளிற் சில பிழைத்தன. திட்டங்களிற் சில வீழ்ந்தன. ஆயினும் ஆட்சி போன பின்னும் அவர் நினைவு போகவில்லை. பதவி தந்த பெயர் பதவியோடு சென்றது. கல்லணையின் அடியில் நின்று கற்ற பணிவும், பசித்தவர் பொருட்டு முதுமையிலும் வாதாடிய நெஞ்சுறுதியும், மகளின் சிறுநூலுக்கு முன்னுரை எழுதிய அன்பும் தந்த பெயரே நின்றது. நம் ஊர்களிலும் பாலம் அமைத்தவரும், குளம் திருத்தியவரும், மின்கம்பி இழுத்தவரும் இளைப்பாறி, வீட்டுத் திண்ணையிலே பேரப்பிள்ளைகளோடு அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் கண்டதையும் கற்றதையும் கேட்டு எழுதிவைக்க அவ்வீடுகளில் ஒரு மகளோ மகனோ முன்வருவராயின், நாட்டின் வரலாற்றில் இன்று விடுபட்டிருக்கும் பல பக்கங்கள் நிறைவுறும்.